லென்ஸில் படியும் உப்பு

ஆனி, ஆடியில் குமரி மாவட்டத்து முட்டம் கடலைப் படம் எடுத்தவர்களுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே முகத்தில் அறைகிறது. பாறையில் மோதிச் சிதறும் அலையை அப்படியே நிறுத்திப் பிடிக்க கேமராவின் ஷட்டர் 1/1000 நொடிதான் திறந்திருக்க வேண்டும்; நுரை வழிந்திறங்கும் கோடுகள் வேண்டுமென்றால் அரை நொடி. எதை வைத்தாலும் நாலாவது படத்துக்குள் லென்ஸில் பொடிப்பொடியாக உப்புத்துளி. கேமராவின் சின்னத் திரையில் தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், கிடைத்த ஒரே நல்ல அலையின் நடுவில் வெள்ளையாக ஒரு மங்கல்! காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் லென்ஸுக்கு முன்னால் மாட்டிய ஃபில்டர் கண்ணாடியைக் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்து ஒற்றியெடுக்க வேண்டும், அதற்குள் வெளிச்சம் போய்விடும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஈரப் பாறை நுனியில் கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பத்து அலை சும்மா வரும், பதினோராவது ஆளை இழுத்துவிடும். போன முறை ஒரு பையனைக் கத்திக் கத்திக் கூப்பிட்டேன். "ஒரே ஒரு போட்டோண்ணா" என்றான். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, அவன் மேலே ஏறி வரும்வரை அங்கேயே நின்றேன்.