குளிர்நீர் ரெகுலேட்டர்: வாங்கும் விலையும் பராமரிக்கும் விலையும்

குளிர்ந்த நீரில் ஸ்கூபா டைவிங் செய்ய எந்த ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துச் சுவாசிக்கத் தரும் கருவி) வாங்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் மாடல் பெயர்களே பதிலாகக் கிடைக்கின்றன. அந்தக் கருவியை யார் பிரித்துச் சர்வீஸ் செய்வார், உதிரிப் பாகங்கள் எங்கிருந்து வரும், பத்து ஆண்டுகளில் மொத்தம் எவ்வளவு செலவாகும் என்ற கேள்விகளெல்லாம் பணம் கட்டி முடித்த பிறகுதான் எழுகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் குளிர்நீரில் உறையாமல் இயங்கும் திறன், வடிவமைப்பைச் சார்ந்திருக்கும் அதே அளவுக்குச் சர்வீஸின் தரத்தையும் சார்ந்திருக்கிறது.

உறைதல் எப்படி நிகழ்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை, சிலிண்டர் வால்வில் பூட்டப்படும் பகுதியான ரெகுலேட்டரின் முதல் நிலை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 9 அல்லது 10 பார் மட்டுமே கூடுதலான இடைநிலை அழுத்தத்துக்குக் குறைக்கிறது. திடீரென விரிவடையும் காற்று கடுமையாகக் குளிர்ந்து, வெளியே நீர் 4 டிகிரி செல்சியஸில் இருக்கும்போதுகூட, பூஜ்ஜியத்துக்குக் கீழே சென்றுவிடுகிறது. அப்போது முதல் நிலையின் ஸ்பிரிங்கையோ டயாஃப்ரத்தையோ (அழுத்தத்துக்கு ஏற்ப வளையும் சவ்வு) தொட்டிருக்கும் நீர் உறைந்து அதன் அசைவைத் தடுத்தால், வால்வு முழுமையாக மூடாது. இடைநிலை அழுத்தம் ஏறும். வாயில் வைத்துச் சுவாசிக்கும் பகுதியான இரண்டாம் நிலை தானாகத் திறந்து காற்றைக் கொட்டத் தொடங்கும். மறுபுறம், நாம் வெளிவிடும் மூச்சின் ஈரம் இரண்டாம் நிலையின் நெம்புகோலில் பனியாகப் படிந்தும் இதே விளைவை உண்டாக்கலாம். காற்று எவ்வளவு வேகமாகப் பாய்கிறதோ அவ்வளவு குளிர், அவ்வளவு பனி. ஆகவே இப்படிக் காற்று இடைவிடாமல் கொட்டும் ஃப்ரீஃப்ளோ தொடங்கிவிட்டால் தானாக நிற்பது அரிது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பாரில் இருக்கும் சுமார் 2,400 லிட்டர் காற்று சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடக்கூடும். பனிப்பாளத்துக்கு அடியில் இருப்பவருக்கு நேராக மேலே ஏறும் வழியும் இல்லை.

கடல்நீர் ஏறக்குறைய மைனஸ் 1.9 டிகிரியில்தான் உறையும் என்பதால், இந்த விஷயத்தில் நன்னீர் ஏரிகளே அதிகம் தொல்லை தருபவை.

ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 250, 10 டிகிரிக்குக் குறைந்த நீரைக் குளிர்நீராகக் கொள்கிறது. அதற்கான சோதனையில் தேறாத கருவிகள் 10 டிகிரிக்கு மேற்பட்ட நீருக்கு மட்டுமே உரியவை என்று குறிக்கப்பட வேண்டும். சோதனை, 4 டிகிரி அல்லது அதற்கும் குளிர்ந்த நீரில், 50 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் சுவாச அளவில் நடத்தப்படுகிறது. கடுமையான சோதனைதான். ஆனால் அது தொழிற்சாலையில் சரியாக டியூன் செய்யப்பட்ட புதிய கருவியின் மீது நடத்தப்படுவது. மூன்று ஆண்டுகள் பயன்பட்டு, வால்வு அழுந்தி மூடும் இருக்கை தேய்ந்து, இடைநிலை அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும் கருவிக்கு அந்த முத்திரை எந்த உறுதியும் தருவதில்லை.

வடிவமைப்பைப் பொறுத்தவரை என் தேர்வு வெளிப்படையானது: வெளிப்புறம் முழுவதும் மூடப்பட்ட பேலன்ஸ்டு (சிலிண்டர் அழுத்தம் குறைந்தாலும் சீராக இயங்கும்) டயாஃப்ரம் முதல் நிலை. ஸ்கூபாப்ரோவின் எம்கே17, அபெக்ஸின் பல மாடல்கள் போன்றவற்றில் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் நீர் நுழைவதே இல்லை; வெளியில் இருக்கும் இன்னொரு டயாஃப்ரம் நீரழுத்தத்தை உள்ளே கடத்துகிறது. டயாஃப்ரத்துக்குப் பதில் பிஸ்டன் அசையும் திறந்த பிஸ்டன் வகை எளிமையானது, பாகங்கள் குறைவு, காற்றைத் தாராளமாகத் தருவது. எனினும் ஸ்பிரிங்கைச் சுற்றி நீர் நிற்கும் அமைப்பை உறைநிலைக்கு அருகில் நான் விரும்பமாட்டேன். மூடிய டயாஃப்ரம் வகைக்குப் பாகங்கள் கூடுதல் என்பதால் சர்வீஸ் கிட்டின் (சர்வீஸின்போது மாற்றும் பாகங்களின் தொகுப்பு) விலையும் சற்றுக் கூடலாம். இந்தக் கூடுதல் செலவு எனக்கு முழுவதும் நியாயமாகப்படுகிறது. டைட்டானியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. நீர் 4 டிகிரியில் இருந்தாலும் அது உள்ளே பாயும் காற்றைவிட வெப்பமானதுதான். அந்த வெப்பத்தை உலோக உடல் உள்ளே கடத்துவதே உறைதலைத் தள்ளிப்போடுகிறது. பித்தளையோடு ஒப்பிட்டால் டைட்டானியம் வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். எடை குறைவதும் துருப்பிடிக்காததும் பயணிகளுக்கு நல்லவை. குளிருக்கு அவற்றால் பயனில்லை.

இனி செலவுக்கு வருவோம். சர்வீஸ் கட்டணம் பொதுவாக ஒரு செட்டுக்கு என்று இல்லாமல், ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. முதல் நிலை, இரண்டாம் நிலை, ஆக்டோபஸ் (அவசரத்துக்கான கூடுதல் இரண்டாம் நிலை) என மூன்று பாகங்கள் கொண்ட செட்டை ஈராண்டுக்கு ஒருமுறை முழுமையாகப் பிரித்தால் பத்து ஆண்டுகளில் 15 சர்வீஸ்கள். ஆண்டுதோறும் பிரித்தால் 30. ஒவ்வொன்றுக்கும் கூலி ஒருபுறம், கிட் மறுபுறம். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு, இரு மாடல்களுக்கு இடையே உள்ள விலை வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. சர்வீஸ் இடைவெளியும் கிட்டின் விலையுமே பெரிதாகத் தெரியும். சில நிறுவனங்கள் உதிரிப் பாகங்களை இலவசமாகத் தருவதாகச் சொல்கின்றன. அதற்கு விதித்த இடைவெளியில், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சர்வீஸ் செய்த ரசீதுகள் தவறாமல் இருக்க வேண்டும்; ஒருமுறை தவறினால் சலுகை போய்விடலாம். மேலும், கூலி இலவசமன்று. தானே பிரித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், பல நிறுவனங்கள் கிட்களைப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்களுக்கு மட்டுமே விற்கின்றன என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

இடைவெளி விஷயத்தில், தயாரிப்பாளர் கேட்பதைவிட அடிக்கடி பிரிப்பது பாதுகாப்பைக் கூட்டும் என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கருவியைப் பிரித்துப் பூட்டும்போதுதான் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் நசுங்குவதும், புதிய இருக்கை சரியாகப் படியாமல் போவதும் நேர்கின்றன. முழு சர்வீஸுக்கு இடைப்பட்ட ஆண்டில், அளவுமானியைப் பொருத்தி இடைநிலை அழுத்தம் நிலையாக நிற்கிறதா என்று பார்ப்பதும், சிறு கசிவு உண்டா என்று நீரில் அமிழ்த்திப் பார்ப்பதும், வடிகட்டியில் பச்சையோ துருவோ படிந்திருக்கிறதா என்று நோக்குவதும் போதுமானவை, செலவும் குறைந்தவை. இதில் குறை தெரிந்தால் தவணைக்குக் காத்திருக்காமல் பிரித்துவிட வேண்டும். சர்வீஸ் முடிந்து வந்த கருவியோடு நேராகப் பனிக்கட்டிக்கு அடியில் இறங்குவதும் கூடாது. முதலில் ஆழமற்ற, வெதுவெதுப்பான நீரில் அதைப் பழக்கிப் பார்க்க வேண்டும்.

டெக்னீஷியனிடம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்: இது குளிர்நீருக்கு. சாதாரணமாக நல்ல டியூனிங் என்றால் மூச்சிழுத்த மாத்திரத்தில் காற்று வருவது என்று பொருள். அப்படி மிக இலேசாகச் சரிசெய்யப்பட்ட இரண்டாம் நிலை, குளிரில் சிறிது தூண்டினாலே கொட்டத் தொடங்கிவிடும். சற்றுக் கடினமாக வைப்பதற்கு ஒரு பைசா கூடச் செலவில்லை; ஆனால் அதைச் சொல்லாமலே புரிந்துகொள்ளும் டெக்னீஷியன்கள், வெப்பநீர்ப் பகுதிகளில் மட்டுமே பணிபுரிந்தவர்களிடையே அரிது. ஆகவே உங்கள் டெக்னீஷியனுக்கு எந்தப் பிராண்ட் கைப்பழக்கமோ அதையே வாங்குங்கள் என்பேன், ஒப்பீட்டுப் பட்டியலில் அது இரண்டாம் இடத்தில் இருந்தாலும்.

பணம் மீதமிருந்தால் அதை உயர்ந்த மாடலில் போடாமல், இரண்டாவது முதல் நிலையில் போட வேண்டும். முதல் நிலை உறைந்தால் அதே முதல் நிலையில் தொங்கும் ஆக்டோபஸும் சேர்ந்து கொட்டும். இரண்டு வால்வு கொண்ட சிலிண்டரில் இரண்டு தனி முதல் நிலைகள் இருந்தால், ஒன்றை மூடிவிட்டு மற்றதில் சுவாசித்துக்கொண்டே வெளியேறலாம். சர்வீஸ் கணக்கு மூன்று பாகங்களிலிருந்து நான்காக ஏறும் என்பது உண்மை. இரண்டு செட்களும் ஒரே மாடலாக இருந்தால் ஒரே வகைக் கிட், ஒரே அழுத்த அளவு, ஒரே டெக்னீஷியன் என்று அந்த ஏற்றத்தில் ஒரு பகுதியை மிச்சப்படுத்திவிடலாம். நடுத்தர விலையில் உள்ள மூடிய டயாஃப்ரம் மாடல் ஒன்றையே இரண்டாக வாங்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.