கையசைத்தவர் மட்டும்தானா?

ஞாயிற்றுக்கிழமை நேரலையில் நடந்ததை நான் இங்கே மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆசியக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிய அந்தத் தம்பி, பிலிப்பைன்ஸின் ராபர்ட் ஜாவோர்ஸ்கியின் பெயர் வந்ததும், "அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தவர், அவ்வளவுதான், பயிற்சியாளர் கணக்கில் வரமாட்டார்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நான் நிதானமாக எழுதிய பதிலுக்குச் சிரிப்புப் பொம்மை ஒன்று கிடைத்தது. சரி, சிரிக்கட்டும். நான் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதிக்கொள்கிறேன்.

ஜாவோர்ஸ்கி பயிற்சியாளர்தான். 1986, 1988, 1991, 1997 என நான்கு முறை பிலிப்பைன்ஸ் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான பி.பி.ஏ.வின் கோப்பையைத் தம் அணிக்கு வாங்கித் தந்தவர். அதிலும் 1985 முதல் அவர் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்தவர் என்பதைத் தம்பி சொல்லவே இல்லை. ஓரத்தில் கோட்டும் டையுமாக நின்றுகொண்டு பலகையில் படம் வரைவது ஒரு வேலை. வியர்வை கண்ணில் இறங்க எதிராளியைத் தடுத்துக்கொண்டே, தன் ஆட்களில் யாருக்கு எத்தனை ஃபவுல், எத்தனை டைம் அவுட் மிச்சம், யாரை உள்ளே அனுப்புவது, தானே எப்போது வெளியே போய் உட்காருவது என்று கணக்குப் போடுவது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலையை ஒருவர் நாற்பது வயதில் செய்து ஜெயித்திருக்கிறார். அவர் பயிற்சியாளர் இல்லையென்றால் வேறு யார்?

இவரைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் கப்பலின் போசன், அதாவது மேல்தள ஆட்களின் தலைவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் நான்காம் என்ஜினியராக இருந்த சரக்குக் கப்பலில் பாதிப் பேர் பிலிப்பினோக்கள். அரை அங்குலக் கம்பியை வளைத்து வளையம் செய்து தரும்படி அந்தப் போசன் என்னிடம் வந்து நின்றார். என்ஜின் அறைப் பட்டறையில் நானே பற்றவைத்துக் கொடுத்தேன். ஐந்தாம் நம்பர் ஹேட்சுக்கு, அதாவது சரக்கறை வாய்க்குப் பின்னால், தங்கும் அறைகளின் இரும்புச் சுவரில் அதை மாட்டி, மெல்லிய கயிற்றில் அவரே வலை பின்னினார். பந்து கடலில் விழாமலிருக்க இருபுறமும் பழைய சரக்கு வலையைக் கட்டினோம். அப்படியும் இரண்டு பந்துகள் இந்தியப் பெருங்கடலுக்குப் போயின. ஒரு நாள் சாப்பாட்டு அறையில், அவருடைய மனைவி அனுப்பியிருந்த கேசட்டைப் போட்டார். 1991 இறுதிப் போட்டியின் வானொலி வர்ணனை. எனக்குத் தகாலோக் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் ஏழு ஆட்டத் தொடரில் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்த ஜாவோர்ஸ்கியின் ஹினெப்ரா அணி ஷெல் அணியோடு சமன் செய்து, ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ரூடி டிஸ்ட்ரிட்டோ போட்ட பந்து உள்ளே போனபோது, எத்தனையோ தடவை கேட்ட அந்த கேசட்டுக்கே மேசையைத் தட்டி அழுத ஆட்களை நான் பார்த்தேன்.

அந்த ஆட்டத்தின் தலைவிதியே ஒற்றைப் பந்தில் தொங்கியபோது அது நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவரின் கைக்குப் போகவில்லை, முரட்டுக்காரர் என்று பெயரெடுத்த டிஸ்ட்ரிட்டோவின் கைக்குத்தான் போனது. அவர் அந்த நேரத்தில் களத்தில் இருந்தது யாருடைய முடிவு? கூட்டத்தின் முடிவா?

ஆளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946இல் பாகியோவில் பிறந்தவர். தந்தை போலந்து வழி அமெரிக்கர், தாய் இலோக்கானோ இனத்தவர். கிழக்குப் பல்கலைக்கழக அணியில் பேபி தலூபன் என்ற மாபெரும் பயிற்சியாளரிடம் ஆட்டம் கற்றார். 1967இல் சியோலில் ஆசியப் பட்டம் வென்ற தேசிய அணியிலும், மறு ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். 1975இல் பி.பி.ஏ. தொடங்கியபோது டொயோட்டா அணியின் தூண். 1978இல் ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். டொயோட்டா தன் அணியைக் கலைத்து ஆட்டக்காரர்களை மொத்தமாக இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றியபோது, எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று போக மறுத்து, 1984இல் கில்பீஸ் ஜின் அணிக்கு வந்தார். பின்னாளில் ஹினெப்ரா என்று நாடே கொண்டாடியது அந்த அணியைத்தான். பி.பி.ஏ.வில் அணிகளுக்கு ஊர் கிடையாது, நிறுவனம்தான் உண்டு. விற்கும் சரக்கு மாறினால் அணியின் பெயரும் மாறும். ஜின், ரம், மறுபடியும் ஜின் என்று இந்த அணியின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது; ஜீப்னி என்ற ஷேர் வண்டிகளின் ஓட்டுநர்களும் மீன் சந்தைக்காரர்களும் நிறைந்த கூட்டம் மட்டும் மாறவே இல்லை.

இப்போது தம்பியின் ரசிகர்கள் வருவார்கள். "1971இல் நடுவர்களை அடித்தவர்தானே?" ஆமாம், அடித்தார். மெரால்கோ அணிக்காக ஆடியபோது, கிரிஸ்பா அணியுடனான போட்டியில். ஆயுள் தடை விதித்தார்கள், 1973இல் நீக்கினார்கள், அந்த ஆண்டே மணிலாவில் நாட்டுக்காக ஆடி ஆசியப் பட்டம் வென்றார். அடித்தது தவறு. ஆனால் அப்போது அவர் பயிற்சியாளரே இல்லையே, அதை ஏன் இந்தக் கணக்கில் கொண்டுவந்து சேர்க்கிறீர்கள்?

"டிம் கோன் இருபதுக்கும் மேல் வாங்கியிருக்கிறார், இவர் வெறும் நான்குதானே?" என்பது அடுத்தது. பி.பி.ஏ.வின் இன்னொரு பயிற்சியாளரான கோன் மேதை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1996இல் அலாஸ்கா அணியை வைத்து அந்த ஆண்டின் மூன்று கோப்பைகளையும் அள்ளியவர். மறு ஆண்டு கமிஷனர் கோப்பை இறுதியில் அதே கோனின் அதே அலாஸ்காவை நாலுக்கு இரண்டு என்று தோற்கடித்த அணிக்கு யார் பயிற்சியாளர் என்று தம்பி தேடிப் பார்க்கட்டும். கையசைத்தே தோற்கடித்திருப்பார் போலிருக்கிறது.

1990இல் ஷெல்லுக்கு எதிரான இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் நடுவர்களோடு முரண்பட்டு அணியைக் களத்திலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போனாரே, கோப்பையே எதிரணிக்குப் போய்விட்டதே என்றால், இந்த ஒன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. எந்தப் பயிற்சியாளரும் அதைச் செய்யக் கூடாது. போசனும் அதைப் பற்றிப் பேசமாட்டார். ஆனாலும் அதே ஆண்டில்தான், தொழில்முறை ஆட்டக்காரர்களை முதன்முதலாக ஆசிய விளையாட்டுக்கு அனுப்பிய தேசிய அணியை இவர் கையில் கொடுத்தார்கள். பெய்ஜிங்கில் சீனாவுக்கு அடுத்தபடியாக வெள்ளி வாங்கி வந்தார்.

உண்மையில் என்னைச் சுட்ட சொல் எது என்று சொல்லிவிடுகிறேன். "உற்சாகப்படுத்துவது வேறு, பயிற்சி கொடுப்பது வேறு" என்று தம்பி நடுவில் ஒன்று சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் அலுவலக அறையில், ஏறக்குறைய இதே சொற்களை நான் கேட்டேன். கப்பலை விட்டு வந்தபின் ஆறு வருடங்கள் அங்கே பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவன் நான், சம்பளம் வாங்கியதில்லை. "நீங்கள் பிள்ளைகளை நன்றாக உற்சாகப்படுத்துகிறீர்கள் சார், ஆனால் முறையாகப் படித்த பயிற்சியாளர் வேண்டுமல்லவா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். டீ கூடக் கொடுத்தார்கள். சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் கால் பகுதியில் பதினைந்து புள்ளி பின்தங்கி, தலை தொங்கிப்போய் வரும் பன்னிரண்டு வயதுப் பையனை மறுபடியும் ஓட வைப்பது பயிற்சியில் சேராதென்றால், அதற்கு என்ன பெயர் என்று அவர்களும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை தம்பியும் சொல்லவில்லை.

1985 அக்டோபரில் எதிரணி ஆட்டக்காரரின் முழங்கை பட்டு ஜாவோர்ஸ்கியின் உதடு கிழிந்தது. மருத்துவமனைக்குப் போய் ஒன்பது தையல் போட்டுக்கொண்டு அதே ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார். அணி தோற்றுக்கொண்டிருந்தது, அவர் உள்ளே வந்ததும் அரங்கமே எழுந்தது, அணி ஜெயித்தது. இதை நாடகம் என்கிறார் தம்பி. போசன் இந்தக் கதையைச் சொல்லும்போது, தன் கீழுதட்டில் விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை எண்ணிக் காட்டுவார். அந்த விரலைப் பார்த்தவன் நான்.

"அரசியலுக்குப் போனவர்தானே, கூட்டம்தான் அவருடைய மூலதனம்" என்றும் எழுதியிருக்கிறார்கள். 1998இல் செனட்டரானார், 2004 வரை இருந்தார், மறுபடி நின்றபோது தோற்றார். கூட்டம் அவர் சொன்னதற்கெல்லாம் ஆடும் என்றால் அந்தத் தேர்தலில் எங்கே போனது?

தம்பி, நீங்கள் படித்தவர், புள்ளிவிவரம் தெரிந்தவர். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. இந்தப் பதிவுக்கும் சிரிப்புப் பொம்மை போடுவீர்கள் என்று தெரியும். நாளைக் காலை ஐந்தரைக்கு நான் மாநகராட்சி மைதானத்தில் இருப்பேன். பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் நாலு பேர் அந்தப் பள்ளியில் படிப்பவர்கள். பள்ளிக்குத் தெரியாமல் வருகிறார்கள்.