ஞாயிறு கணக்குல வராது

(தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்தில் ஓர் ஊர். வீட்டுத் திண்ணை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்தில் ஒரு சனிக்கிழமை, இரவு மணி ஏழரை. தாத்தா, கோயில் குயரில், அதாவது பாடகர் குழுவில், ஐம்பது வருஷமாக பேஸ் என்னும் அடிக்குரல் பாடுகிறவர். பேரன், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். அதே கோயிலில் கீபோர்டு.)

தாத்தா: ஏல, காதுல என்னது? லெந்து முடியுத வரைக்கும் சினிமாப் பாட்டு கேக்க மாட்டேன்னு சாம்பல் புதன் அன்னைக்குச் சொன்னது யாரு?

பேரன்: இது பாமாலை தாத்தா.

தாத்தா: நாலு குரல்ல பாடுத வெள்ளைக்காரன் ராகம், பாமாலைக்கு எவம்லே தலைய ஆட்டுவான்?

பேரன்: பேஸ் பார்ட்ட மட்டும் தனியா வாசிச்சு ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேன். இந்தாங்க, ஒரு காதுல வச்சுப் பாருங்க.

தாத்தா: (கேட்டுவிட்டு) என்னலே இது, பம்பு செட்டு ஓடுத மாதிரி இருக்கு!

பேரன்: அம்பது வருஷமா நீங்க பாடுத பார்ட்டுதான்.

தாத்தா: ...நாலு பார்ட்டும் சேந்து வந்தா நல்லாத்தான் இருக்கும்.

பேரன்: நானும் அதத்தான் சொல்லுதேன். இதுல பழகிப் பழகி எனக்குச் சினிமாப் பாட்டே வேற மாதிரி கேக்கு. பாடுதவன் குரல் காதுல விழவே மாட்டேங்குது. பேஸ் கிட்டார் எங்க எறங்குதுன்னுதான் காது ஓடுது. காலேஜ் பஸ்ல எல்லாவனும் பல்லவிய முணுமுணுக்கான், நான் பேஸ முணுமுணுக்கேன். டிரைவர் அண்ணன் திரும்பிப் பாத்து, வயித்து வலியாப்பான்னு கேட்டாரு.

தாத்தா: புதுசா வருதே ஆராதனைப் பாட்டு, அதக் கேட்டா எனக்குதான் வயித்து வலி. ஒரே வரிய பதினாறு தடவை!

பேரன்: அதுல மொத்தமே நாலு கார்டு, அதாவது சேத்து அமுக்குத சுரக்கூட்டு. சி, ஜி, ஏ மைனர், எஃப். பாமாலையில ஒரு வரிக்குள்ளயே ஏழெட்டு மாறும், ஏறக்குறைய அசைக்கு ஒண்ணு. அதக் கேட்டு வளந்துட்டு இதுக்கு வந்தா கை சும்மா கெடக்கு. நல்ல சினிமாப் பாட்டுல கூட பேஸ் எடத்தை விட்டு நகரலைன்னா ரெண்டாவது நிமிஷம் தள்ளி விட்டுருதேன்.

தாத்தா: அப்படிச் சொல்லு! அப்ப நம்ம ராகத்துல உள்ள கீர்த்தனை?

பேரன்: கீர்த்தனைக்குக் கார்டே போட மாட்டேன். சட்ஜமும் பஞ்சமமும் எடது கையில அமுக்கிக்கிட்டு வலது கையில மெட்ட மட்டும் வாசிப்பேன். சுரம் வழுக்குத கமகம் வார எடத்துல கீபோர்டால ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்க முடியாது. சுரத்த வளைக்குத பிட்ச் சக்கரத்தத் தொட்டுப் பாத்தேன், ஆம்புலன்ஸ் போன மாதிரி ஆயிட்டு.

தாத்தா: கீர்த்தனை எழுதுன வேதநாயகம் சாஸ்திரியார் பொறந்தது 1774. உன் கீபோர்டுக்கா எழுதுனாரு? அது கெடக்கட்டும். போன ஞாயிறு ரெண்டாம் பாட்டு ஏன் கெணத்துக்குள்ள இருந்து வந்துச்சு?

பேரன்: டிரான்ஸ்போஸ் தாத்தா, சுருதிய ஏத்தி எறக்குத பட்டன். முதல் பாட்டு புஸ்தகத்துல இ-ஃபிளாட்டு. சபைக்கு எட்டாதேன்னு மைனஸ் 3 வச்சு சி-க்கு எறக்குனேன். ரெண்டாம் பாட்ட நானே வீட்டுல சி-ல எறக்கி எழுதி வச்சிருந்தேன். மைனஸ் 3-ஐ சைபருக்குக் கொண்டு வர மறந்துட்டேன். எறக்குனதையே எறக்கி, ஏ-ல போயி நின்னுச்சு.

தாத்தா: அதான பாத்தேன்! மேல்குரல் சோப்ரானோல நின்ன பொம்பளையள்லாம் ஆம்பளக் குரல்ல பாடுனாளுவ. எனக்குக் கீழ போக சுரமே இல்ல. வாய மட்டும் அசைச்சேன்.

பேரன்: உங்க வாயப் பாத்துட்டு போதகர் ஐயர் தலைய ஆட்டுனாரே!

தாத்தா: அவருக்கு அஞ்சாவது வரிசை வரைக்குந்தான் கண்ணு தெரியும். சரி, மூணாம் சரணத்துல பாட்டு ஏன் மாட்டு வண்டி ஆயிருது?

பேரன்: அது கணக்கு தாத்தா. சத்தம் ஒரு செகண்டுக்குச் சுமாரா 340 மீட்டர் போகும். கோயில் 34 மீட்டர் நீளம்னா, கடைசி பெஞ்சுக்கு 0.1 செகண்டு கழிச்சுதான் போய்ச் சேரும். அவங்க அதக் கேட்டுப் பாடுத சத்தம் எனக்குத் திரும்பி வர இன்னொரு 0.1. நான் அவங்களுக்காக நிக்கேன், அவங்க எனக்காக நிக்காங்க. நிமிஷத்துக்கு 76 தட்டுல தொடங்குனது மூணாம் சரணத்துல 60-க்கு வந்துரும்.

தாத்தா: அதுக்கு என்ன பண்ணணும்?

பேரன்: சபையக் காதுல வாங்கவே கூடாது. வரி முடியுத எடத்துல கையச் சட்டுன்னு எடுத்துட்டு, அடுத்த வரிய நேரத்துக்குத் தொடங்கிரணும். பின்னால உள்ளவங்க ஓடி வந்து சேந்துக்குவாங்க.

தாத்தா: பஸ்ஸு மாதிரியா? நல்லா இருக்குலே. (போனைப் பார்த்து) ஏல, இது என்ன லிஸ்டு? 'ஞாயிறு'ன்னு போட்டு முழுக்க சினிமாப் பாட்டு!

பேரன்: நாளைக்கு. ஞாயிறு கணக்குல வராது தாத்தா.

தாத்தா: யாரு கணக்குல? டிவியில எட்டு மணிக்கு வார பழைய சினிமாப் பாட்டையே நான் லெந்துக்காக விட்டுட்டேன். ஆச்சி சத்தத்தக் கொறச்சு வச்சுக் கேக்குதா. நான் கொல்லையில போயி முருங்கை மரத்துக்கிட்ட நிக்கேன்.

பேரன்: எண்ணிப் பாருங்க. 2026-ல பிப்ரவரி 18 சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தின நாள் ஏப்ரல் 4. மொத்தம் 46 நாள். ஆனா லெந்து எத்தன நாளு?

தாத்தா: நாப்பது.

பேரன்: மிச்ச ஆறு? அதான் ஆறு ஞாயிறு. உயிர்த்தெழுந்த நாள்ல நோம்பு கிடையாது.

தாத்தா: (விரல் விட்டு எண்ணி) கணக்கு சரியாத்தான் இருக்கு. இருந்தாலும் காதல் பாட்டு வேண்டாம்லே.

பேரன்: பெரிய வெள்ளிக்கு 'இரத்தம் காயம் குத்தும்' பாடுவீங்கள்ல?

தாத்தா: அதுக்குக் கண்ணு கலங்காத வருஷமே கிடையாது.

பேரன்: அந்த ராகம் காதல் பாட்டு தாத்தா. 1601-ல ஜெர்மனியில ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் போட்டது. ஒரு பொண்ணால என் மனசு கலங்கிப் போச்சேன்னு ஒருத்தன் பொலம்புதான். சபைக்காரங்க பிந்திதான் எடுத்துக்கிட்டாங்க. பவுல் கெர்ஹார்ட் ஜெர்மன்ல இயேசு பட்ட பாடுகளப் பத்தி வரி எழுதுனதே 1656-ல.

தாத்தா: மெல்லப் பேசு, ஆச்சி காதுல விழப்போகுது.

பேரன்: ஏன்?

தாத்தா: அவ அப்ப சோப்ரானோல மூணாவது ஆளு. நான் பேஸ்ல ஓரம். அந்தப் பாட்டு பாடையிலதான் மொதமொதல்ல...

பேரன்: பெரிய வெள்ளி அன்னைக்கா!

தாத்தா: இத்தன வருஷமா என் மேல தப்புன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன். ராகத்து மேலதான் தப்பு.

(உள்ளே டிவி போடும் சத்தம். தாத்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். எட்டடிக்க அஞ்சு நிமிஷம்.)

தாத்தா: ஆதியாகமம் ஒண்ணு அஞ்சு சொல்லு பாப்போம்.

பேரன்: "சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று."

தாத்தா: எது முன்னால வருது?

பேரன்: சாயங்காலம்.

தாத்தா: அப்ப நாளு எங்க தொடங்குது? பொழுது அடைஞ்சு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஞாயிறு பொறந்துட்டுல்லா!

பேரன்: தாத்தா, அப்படின்னா நாளைக்குப் பொழுது அடைஞ்சதும் ஞாயிறு முடிஞ்சிருமே. என் லிஸ்டு நாளைக்கு ராத்திரிக்குல்லா!

தாத்தா: நாளைக்கு உன் கணக்குப்படி வச்சுக்கிடலாம். இன்னைக்கு மோசே கணக்கு. ஏட்டி, சத்தத்தக் கூட்டு!