வர மனமில்லையென்றால் இடத்தை விட்டுக்கொடுங்கள்

கோடைக்கால வார இறுதிக்காக ஆறு மாதம் முன்பே முகாம் இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு, அந்த நாள் வந்தபின் போகவும் செய்யாமல், போகவில்லை என்று ரத்து செய்யவும் செய்யாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களைப் பற்றி எழுதாமல் இருக்க இனி என்னால் முடியாது. கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில், அதிலும் சாண்டா குரூஸ் மலையிலிருந்து வடக்கே ஹம்போல்ட் வரை நீளும், ரெட்வுட் என்ற வானுயர்ந்த மரங்களின் காடுகளில் ஓர் இரவு தங்க நினைக்கும் எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். குளிரும் கொசுவும் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது, இடம் கிடைக்குமா என்ற ஒரே கவலைதான் அவர்களை வாட்டுகிறது.

நாம் போக நினைக்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பு, காலை 8 மணிக்குப் பதிவு திறக்கிறது. ஜூலை 18 அன்று கூடாரம் அடிக்க வேண்டுமானால் ஜனவரி 18 அன்று காலையில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 280 பூங்காக்களும் 15,000 முகாம் இடங்களும் இருக்கின்றன. ஆனால் நான்கு கோடிக்குச் சற்றே குறைவான மக்கள் வாழும் மாநிலத்தில், பள்ளி விடுமுறையில் வரும் அதே சில வெள்ளி, சனி இரவுகளுக்கு எல்லோரும் முட்டி மோதும்போது இது எந்த மூலைக்குக் காணும்? கணவர் மடிக்கணினியிலும் மனைவி கைபேசியிலுமாகக் காத்திருந்து, எட்டு அடித்ததும் பொத்தானை அழுத்தினால், காலி என்று காட்டிய இடம் பக்கம் மாறுவதற்குள் நிரம்பிவிடுகிறது. அப்படித் தோற்றவர்கள் அடுத்த ஆறு மாதமும் யாராவது ரத்து செய்திருக்க மாட்டார்களா என்று தூங்கப் போகும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒருவழியாக இடம் கிடைத்து உள்ளே போய்ப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. சென்ற கோடையில் எங்கள் கூடாரத்துக்கு எதிரே இருந்த இடம் வெள்ளிக்கிழமை தொடங்கி நாங்கள் கிளம்பும்வரை ஆளரவமற்றுக் கிடந்தது. கம்பத்தில் செருகியிருந்த பதிவுச் சீட்டு கடலிலிருந்து வந்த மூடுபனியில் நனைந்து ஓரம் சுருண்டிருந்தது. அடுப்பு வளையத்தில் பிடி சாம்பல்கூட இல்லை. மேசை மீது உதிர்ந்திருந்த ரெட்வுட் இலைக்கொத்துகளை யாரும் கையால் ஒதுக்கியிருக்கவில்லை, உணவை வைத்துப் பூட்டும் பெட்டியின் தாழ்ப்பாளில் சிலந்தி வலை கட்டியிருந்தது. அதே வெள்ளிக்கிழமை மாலையில், இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு நுழைவாயிலுக்கு வந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிப் போயின. அவற்றில் ஒன்றில் பின்னிருக்கை முழுவதும் தலையணையும் போர்வையுமாக இருக்க, நடுவே இரண்டு பிள்ளைகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயிலில் இருந்த பணியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். காசு கட்டியவர் இரவு பத்து மணிக்கு வந்து நின்றால் அவருக்கு யார் பதில் சொல்வது? வைக்கோற்போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்களே, அந்தக் காரியத்தை மெத்தப் படித்தவர்கள் கொஞ்சமும் கூச்சமில்லாமல் செய்கிறார்கள்.

இதில் நம்மவர்களும் சேர்த்தி என்பதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஜனவரியிலேயே ஒருவர், "நாலு சைட் போட்டு வெச்சிருக்கேன், யார் வர்றீங்கன்னு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எழுதுகிறார். இருபது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஜூலை நெருங்கும்போது ஒருவருக்கு ஊரிலிருந்து மாமனார் வந்துவிடுகிறார், ஒருவருக்கு அலுவலகத்தில் வேலை முடியவில்லை, இன்னொருவர் வீட்டில் குழந்தைக்குச் சளி. கடைசியில் இரண்டு குடும்பங்கள் போகின்றன, இரண்டு இடங்கள் சும்மா கிடக்கின்றன. சளி பிடிப்பதையும் மாமனார் வருவதையும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ரத்து செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது, அந்த ஐந்து நிமிடத்தைத்தான் யாரும் செலவழிப்பதில்லை. "முப்பத்தஞ்சு டாலர்தானே, போனா போகட்டும்" என்கிறார்கள். போவது உங்கள் முப்பத்தைந்து டாலர் மட்டும்தானா? கடற்கரையோர விடுதியில் ஓர் இரவுக்கு அதைப்போல் பல மடங்கு கொடுக்க வழியில்லாத குடும்பத்துக்கு இந்த முகாம் இடம்தான் அந்த ஆண்டின் ஒரே வெளியூர்ப் பயணம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. 2023-இல் ஏபி 618 என்ற சட்டமே இதற்காக நிறைவேறியது; கடைசி நேரத்தில் ரத்து செய்பவர்களும் வராமலே இருந்துவிடுபவர்களும் கட்டணத்தை இழக்க வேண்டும் என்கிறது அது. நல்ல சட்டம்தான், நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் போனால் போகட்டும் என்று ஏற்கெனவே கைகழுவிய பணத்தைப் பறிமுதல் செய்து யாருக்கு உறைக்கப் போகிறது?

போதாக்குறைக்கு இருக்கும் இடங்களும் குறைந்திருக்கின்றன. 1902-இல் உருவான, கலிபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்காவான பிக் பேசினை 2020 ஆகஸ்டில் மின்னலால் மூண்ட தீ ஏறக்குறைய முழுவதுமாக எரித்தது. தடித்த பட்டை காத்ததால் முதிர்ந்த ரெட்வுட் மரங்களில் பெரும்பாலானவை பிழைத்துத் தண்டெங்கும் மறுபடி துளிர்த்தன. பூங்காத் தலைமையகக் கட்டடமும் முகாம் வசதிகளும் அப்படிப் பிழைக்கவில்லை. 2022 ஜூலையில் பூங்காவின் ஒரு பகுதி திறக்கப்பட்டது, அதுவும் பகல் நேர வருகைக்கு மட்டும். தலைமுறை தலைமுறையாக அங்கே கூடாரம் அடித்தவர்கள் இன்று பக்கத்துப் பூங்காக்களுக்குத்தான் போட்டி போடுகிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் ஓர் இடத்தைப் பூட்டி வைத்துவிட்டு வராமல் இருப்பதை அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அது அடுத்தவர் பங்கை அபகரிப்பது.

ஆகவே குழுக்களில் இடம் பிடிக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் நேராகவே சொல்கிறேன். எத்தனை குடும்பம் உறுதியாக வருகிறதோ அத்தனை இடத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு குழுவில் ஒருமுறை கேளுங்கள், பதில் சொல்லாதவரை வராதவராகவே எடுத்துக்கொண்டு அவருக்குரிய இடத்தை அன்றைக்கே ரத்து செய்யுங்கள். வெள்ளிக்கிழமை மதியம்தான் மனம் மாறியது என்றாலும், பணம் திரும்பி வராது என்று தெரிந்தாலும், அப்போதும் ரத்து செய்யுங்கள்.