மைனர் த்ரெட்டைக் கும்பிடுகிறவர்களுக்கு

ராக் இசையில் வேகமும் ஆவேசமும் கூடிய ஹார்ட்கோர் பங்க் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "மைனர் த்ரெட் சரியான நேரத்தில் கலைந்தது. அதனால்தான் கறைபடாமல் நிற்கிறது." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த வாஷிங்டன் குழு கலைந்ததில் தியாகமும் இல்லை, தீர்க்கதரிசனமும் இல்லை. ஒத்துவராமல் பிரிந்தார்கள், அவ்வளவுதான். 1983 வாக்கில் குழுவின் இசை அயர்லாந்து ராக் குழுவான யூ2 பக்கம் சாயத் தொடங்கியது. பாடகர் இயன் மெக்கேய்க்கு அது பிடிக்கவில்லை. ஒத்திகைக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். எல்லாக் குழுக்களிலும் நடக்கிற கதைதான். இதற்குப் போய் ஒளிவட்டம் வரைவானேன்?

என்னைக் கேட்டால் அந்தக் குழு சாதித்ததில் பாதி மேடைக்கு வெளியே நடந்தது. அந்தப் பாதியை யாரும் பேசுவதில்லை. அதில் சத்தம் இல்லை, அதனால்தான்.

1980 டிசம்பரில் மைனர் த்ரெட் வாஷிங்டனில் முதன்முதலாக மேடையேறியபோது மெக்கேய்க்கு வயது 18. அவரும் டிரம்ஸ் வாசித்த ஜெஃப் நெல்சனும் அதற்குமுன் டீன் ஐடில்ஸ் என்ற குழுவில் இருந்தவர்கள். கச்சேரிகளில் கிடைத்ததை யாரும் எடுத்துக்கொள்ளாமல் பொதுவில் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்தக் குழு கலையும்போது ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டு போயிருக்கலாம். மாறாக, மொத்தத்தையும் போட்டு ஒரு சிறிய இசைத்தட்டை 1,000 பிரதிகள் அச்சிட்டார்கள். உறை எப்படிச் செய்வது என்று ஒருவருக்கும் தெரியாது. எனவே வேறொரு தட்டின் உறையை ஒட்டு விட்டுப் பிரித்து, தட்டையாக விரித்து, விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்து, அந்த அளவில் அச்சிட்டு வாங்கினார்கள். பிறகு கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் பிறந்த கதை இது. 1981இல் மைனர் த்ரெட்டின் முதல் தட்டு வெளிவந்ததும் இந்த நிறுவனத்தில்தான். எழுத்து ஒப்பந்தம் கிடையாது; லாபத்தில் குழுவுக்குப் பங்கு. அதிகாரத்தை எதிர்த்துக் கத்துவது எளிது, பெரிய கம்பெனிகளுக்காகவே எத்தனையோ பேர் கத்தியிருக்கிறார்கள். ஒப்பந்தம் இல்லாமல் ஒழுங்காகக் கணக்குத் தீர்ப்பதுதான் கடினம்.

குடியும் போதையும் வேண்டாம் என்கிற பங்க் ரசிகர்கள் கையில் போடும் எக்ஸ் குறியும் இப்படி ஒரு நடைமுறைத் தேவையில் வந்ததுதான். 1980இல் டீன் ஐடில்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனபோது, வயது குறைந்தவர்களுக்கு மது கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அங்கே கையில் பெரிய எக்ஸ் போட்டு உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியதும், எங்களுக்கும் அப்படியே போட்டு அனுமதியுங்கள் என்று வாஷிங்டன் அரங்கில் கேட்டார்கள். 16 வயதுப் பையனும் பெண்ணும் கச்சேரி பார்க்க வேண்டும், கோரிக்கை அவ்வளவே. பின்னால் அது ஒரு மதச் சின்னம்போல ஆகிவிட்டது.

மைனர் த்ரெட்டின் 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' என்ற பாட்டு ஒரு நிமிடம்கூட ஓடாது. குடி, போதை இல்லாமல் நான் இருக்கிறேன் என்று ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்த சிலர் பீர் குடித்தவனை அடிக்கும் அளவுக்குப் போனார்கள். இதே கருத்தில் வந்த இன்னொரு பாட்டு கட்டளைபோல ஒலிக்கிறது என்று முதலில் முரண்டு பிடித்தவர் வெளியாள் அல்ல, டிரம்ஸில் இருந்த நெல்சனேதான். 1983இல் அதை மறுபடி பதிவு செய்தபோது, இவை விதிகள் அல்ல என்று பாட்டின் நடுவிலேயே மெக்கேய் பேசிச் சேர்த்தார். எவ்வளவு பேர் காதில் அது ஏறியதோ!

குறையே இல்லாத குழு என்று நான் சொல்ல வரவில்லை. வெள்ளையனாக இருப்பதைக் குற்றமாக்குகிறார்கள் என்று குமுறும் பாட்டு ஒன்று அவர்களிடம் உண்டு. இனவெறிக்கு எதிராகத்தான் எழுதினேன் என்று மெக்கேய் விளக்கினார். அவர் மனதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் விளக்கம் இல்லாமல் நிற்க முடியாத அந்தப் பாட்டு எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஹார்ட்கோருக்கு வேகத்தைக் கற்றுத் தந்த பேட் பிரெய்ன்ஸ் அதே நகரத்துக் கறுப்பினக் குழு என்பதை நினைத்தால் உறுத்தல் கூடுகிறது. 1983 செப்டம்பரில் நடந்த கடைசிக் கச்சேரியில் ட்ரபிள் ஃபங்க் என்ற கோ-கோ இசைக் குழுவையும் மேடையேற்றினார்கள். வாஷிங்டன் கறுப்பின மக்களின் சொந்த இசை கோ-கோ. அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

மெக்கேய் பின்னர் தொடங்கிய ஃபுகாசி என்ற குழுவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கூட்டத்தில் ஒருவன் மற்றவர்களை மிதித்து ஆடினால் பாட்டை நிறுத்துவார்கள், அவனுடைய 5 டாலரைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். டிக்கெட் விலை பெரும்பாலும் அதற்குமேல் போகாமல் பார்த்துக்கொண்டவர்கள் என்பதால் திருப்பித் தருவதிலும் சிரமம் இல்லை. கத்தரியும் பசையுமாக உட்கார்ந்த அதே புத்திதான் இது.

மைனர் த்ரெட்டை இதுவரை கேட்காதவர்கள் 1989இல் வந்த தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 26 பாட்டுகள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. எல்லோரும் முதல் தட்டைத்தான் கொண்டாடுவார்கள். என் ஓட்டு, கலைந்த பிறகு 1983 டிசம்பரில் பதிவு செய்து 1985இல் வெளியான 'சாலட் டேஸ்' பாட்டுக்கு. அதில் மணியோசை உண்டு, அக்கூஸ்டிக் கிதார் உண்டு; கறார் ரசிகர்கள் முகம் சுளிக்கக் காரணங்கள் ஏராளம். 21 வயதுப் பையன் ஒருவன், 'அந்தக் காலம்போல வருமா' என்று பேசித் திரிகிறவர்கள்மீது எரிந்து விழுகிறான்.