ஒன்றரை பர்சன்ட் ஆர்க்கிடெக்ட்

முந்தாநேத்து ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு போன். நம்ம சொந்தக்காரப் பய, மதுரைக்குப் பக்கத்துல ஒரு நகராட்சியில கவுன்சிலரா இருக்கான், ஊரு பேரு வேணாம். ஊருக்கு நடுவுல சும்மா கெடக்குற பழைய சத்திரத்த லைப்ரரியா மாத்தப் போறாங்களாம், மூணு ஆர்க்கிடெக்ட் கொட்டேஷன் குடுத்துருக்காங்களாம். "மாமா நீங்கதான் அந்த லைன்லயே இருக்கீங்களே, எவன் பீஸ் கம்மியா போட்டுருக்கானோ அவனுக்கே தூக்கிக் குடுத்துரலாம்ல, நாளப்பின்ன ஆடிட்டுல கேள்வி வராதுல்ல?"ன்னு கேக்குறான்.

ஆடிட்டுல வராதுடா மாப்ள, மழை பெஞ்சாத்தான் கேள்வி வரும்.

அரை மணி நேரம் கத்தியும் அவனுக்கு பாதிதான் வெளங்குச்சு, அதான் இங்கிட்டு எழுதுறேன். நான் ஆர்க்கிடெக்ட் இல்ல, இருபத்திநாலு வருசமா ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல டிராப்ட்ஸ்மேன், ட்ரேசிங் பேப்பர்ல இங்க் பேனா புடிச்ச காலத்துல இருந்து இப்ப ஆட்டோகேட் வரைக்கும். பத்து வருசத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு வேலை வந்துச்சு, வேற ஊரு, வெள்ளக்காரன் காலத்து கட்டடம், அத ஆபீஸா மாத்தணும். எங்க சாரு, நானு, எழுபது வயசு மேஸ்திரி ஒருத்தரு, மூணு பேரும் ரெண்டு நாள் அதுக்குள்ளயே கெடந்தோம். மேஸ்திரி இடுப்புல கெடந்த சாவிய எடுத்து செவத்த ஒரு சொரண்டு சொரண்டி பொடிய ரெண்டு வெரலுக்கு நடுவுல தேச்சுப் பாத்துட்டு, "தம்பி இது சுண்ணாம்புச் சாந்து, இதுக்கு மேல சிமெண்டப் பூசுனீங்கன்னா செவரு மூச்சு முட்டிச் செத்துரும்"னாரு. மேல பாத்தா மெட்ராஸ் டெரஸ், வரிசையா தேக்கு உத்தரம், அதுக்கு மேல சின்ன செங்கல்ல சாய்ச்சு வச்சு அடிச்ச தளம். ஏணி போட்டு ஏறி ஒரு உத்தரம் செவத்துக்குள்ள போற எடத்துல ஸ்க்ரூ டிரைவர வச்சு லேசாத்தான் அழுத்துனேன், பன்னுக்குள்ள போற மாதிரி பாதி உள்ள போயிருச்சு. வெளிய இருந்து பாத்தா பெயிண்ட் அடிச்சு ஜம்முன்னு இருக்கு.

இதெல்லாம் எழுதி அஞ்சு பர்சன்ட் பீஸ் போட்டோம். வேலைய எடுத்தவங்க போட்டது ஒன்றரை பர்சன்ட். அவங்க ஆளு பத்து நிமிசம் வந்தாரு, செல்லுல நாலு போட்டோ எடுத்தாரு, போயிட்டாரு. அப்பறம் என்ன, செவரு பூரா சிமெண்ட் பூச்சு, தரைக்கு டைல்ஸ், உத்தரம் தெரியாம இருக்க ஃபால்ஸ் சீலிங். ரெண்டாவது வருசம் செவத்துல உப்பு பூத்து பெயிண்ட் அப்பளம் மாதிரி எந்திரிச்சுக்கிச்சு. மூணாவது வருசம் ஐப்பசி மழையில ஃபால்ஸ் சீலிங்கோட சேந்து மேல இருந்த தளமும் ஒரு மூலையில கொட்டிருச்சு. ஞாயித்துக்கிழமைங்கிறதால ஆளு தப்பிச்சது. ஒரு கோடி ரூவா வேலைக்கு அஞ்சு பர்சன்ட்னா அஞ்சு லட்சம், ஒன்றரைன்னா ஒன்றரை லட்சம், ஆக மிச்சம் புடிச்சது மூன்றரை லட்சம். அந்தத் தளத்த திரும்பப் போட்டதுக்கு மட்டும் அதப்போல எத்தனை மடங்கு ஆயிருக்கும்னு கட்டடம் கட்டுன யாரும் சொல்லுவாங்க.

சட்டத்து மேல பழி போடாதீங்க. தமிழ்நாட்டு அரசாங்க டெண்டருக்குன்னு இருக்குற 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் நல்ல சட்டம்தான், சிமெண்ட் மூட்டை, கம்பி வாங்கறதுக்கு கம்மி ரேட்டப் பாக்குறது ரொம்பச் சரி, ஒரு கம்பெனி மூட்டைக்கும் இன்னொரு மூட்டைக்கும் பெருசா என்ன வித்தியாசம். ஆனா ஆர்க்கிடெக்ட் மாதிரி கன்சல்டன்ட் எடுக்குறதுக்கு ரெண்டு கவர் முறைன்னு ஒண்ணு இருக்கே, தரத்துக்கு மார்க் போட்டுட்டு அப்பறம் பீஸ் கவரப் பிரிக்கிறது, தரத்துக்கு எழுபது பீஸுக்கு முப்பதுன்னு வெயிட்டேஜ் குடுக்கலாம், இது ஆபீசருங்களுக்கு நல்லாவே தெரியும். கூத்து எங்க நடக்குதுன்னா அந்த தரத்துக்கு என்ன கேக்குறாங்கங்கறதுல. வருச டர்ன்ஓவர் எம்புட்டு, ஸ்டாஃப் எத்தன பேரு. பஸ் ஸ்டாண்டும் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸுமா கட்டுனவருக்கு ஃபுல் மார்க் வந்துரும். நூறு வருசத்துக் கட்டடம் ஏதாச்சும் தொட்டுருக்கியா, அது இப்ப ஒழுகுதா, அங்க யாருகிட்ட கேக்கலாம், இத ஒரு பய கேக்க மாட்டான்.

இத்தனைக்கும் பழைய கட்டடத்த ஒழுங்கா மாத்துனதுக்கு நம்ம மதுரையில கண்ணு முன்னாடியே சாட்சி இருக்கு. 1636ல கட்டுன திருமலை நாயக்கர் மகால் இடிஞ்சு கெடந்தப்ப கவர்னர் நேப்பியர் பிரபு அதச் சரி பண்ணச் சொன்னாரு, வேலையப் பாத்தவரு சிஷோம்ங்கிற வெள்ளக்கார ஆர்க்கிடெக்ட். மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு செனட் ஹவுஸ் கட்டுறதுக்கு போட்டி வச்சு டிசைன் கேட்டப்ப ஜெயிச்ச ஆளு அவரு, அதாவது வரைஞ்சதப் பாத்து எடுத்த ஆளு. அப்பறம் அந்த மகாலுக்குள்ளதான் 1970 வரைக்கும் ஜில்லா கோர்ட்டு, எங்க தாத்தா ஒரு வரப்புத் தகராறுக்கு அங்கதான் வாய்தா வாய்தான்னு அலைஞ்சு செருப்பு தேஞ்சாரு. தமுக்கம் அரண்மனை ராணி மங்கம்மா கட்டுனது, கலெக்டருங்க இருந்தாங்க, 1959 ஏப்ரல் 15ல நேரு வந்து காந்தி மியூசியமா தெறந்து வச்சாரு, இன்னைக்கும் சித்திர வெயில்ல உள்ள போனா குளுகுளுன்னு இருக்கு. கட்டடத்துக்குத் தோதான வேலையாக் குடுத்தாங்க, அது தாங்கிக்கிருச்சு. ஆர்க்கிடெக்டே இல்லாம மாறுனதும் உண்டு, மீனாட்சி கோயிலுக்கு எதுத்தாப்புல இருக்குற புது மண்டபம் வசந்த மண்டபமா கட்டுனது, தையல் மிஷினும் புக் கடையுமா எத்தன தலைமுறை ஓடுச்சு. சரி அது வேற கத.

இப்ப இவன் சத்திரத்துக்கு வருவோம். லைப்ரரின்னா புக்கு. புக்கு எம்புட்டு வெயிட்டுன்னு வீடு மாத்துனவங்களுக்குத் தெரியும். வீட்டுத் தளத்துக்கு எடுக்குற லோடு மாதிரி மூணு மடங்கு புக் ரேக் அடுக்குற ரூமுக்கு எடுக்கணும்னு ஐ.எஸ். கோடே, அதாவது கட்டடத்துக்கான இந்தியத் தர விதியே சொல்லுது. அந்தச் சத்திரத்து மாடியும் மெட்ராஸ் டெரஸ்தான், சின்ன வயசுல ஒரு கல்யாணத்துக்குப் போயி அங்க ராத்தங்கிருக்கேன். அதனால போன வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொன்னேன், மாப்ள, பீஸ் கவர அப்படியே வையி, மூணு பேரையும் தனித்தனியா கூப்புடு, புக் ரேக்க எங்க வைப்பீங்கன்னு மட்டும் கேளு, வேற ஒண்ணும் பேசாத.

இத டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே வாட்ஸப்ல வாய்ஸ் நோட் வருது. ரெண்டு பேரு மாடியிலன்னு சொல்லிட்டாங்களாம், "காத்தோட்டமா இருக்கும் சார்"னு. மூணாவது ஆளு பதிலே சொல்லாம மாடிச் சாவி கேட்டாராம். சாவி யாருகிட்ட இருக்குன்னு நகராட்சி ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியல, காலையில இருந்து தேடிக்கிட்டு இருக்காங்களாம்.