சோக்குக் கோடு போட்டவர்கள்

போன மாதம் மாதம்பிட்டியில் மாமாவின் காரியம் முடிந்து வந்த இரவு, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் மெழுகுவர்த்திப் படம் போட்டார்கள். நானும் போட்டேன். அதிலிருந்து மனசு கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க கொழும்பில் ஷட்டரும் ரோலர் டோரும் பொருத்திய மனிசனுக்கு இவ்வளவுதானா?

சொந்த மாமா இல்லை. ஆமர் வீதிப் பக்கம் நான் உதவியாளாகச் சேர்ந்த தகரக் கொட்டகையில் மூன்று பேர் இருந்தார்கள். மாமா, நானா, ஐயா. நானா என்றால் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது. ஐயா என்றதும் முதலாளி என்று நினைக்காதீர்கள், சிங்களத்தில் அதுவும் அண்ணன்தான். நானாவை மாளிகாவத்தை மையவாடியில் அடக்கி சில வருசமாகிறது. ஐயா அதற்கும் முந்தியே போய்விட்டார்.

ரோலர் டோரைத் தூக்குவது மோட்டர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாரத்தைச் சுமப்பது உள்ளே முறுக்கி வைத்த ஸ்பிரிங். மோட்டர் சும்மா தள்ளிவிடும், அவ்வளவுதான். அந்த முறுக்கு கை தவறினால் விரல் போகும், முகம் போகும். மாமா சுருளின் ஓரத்தில் சோக்கால் ஒரு கோடு போடுவார். கோடு மேலே வர ஒன்று, திரும்ப வர இரண்டு என்று சத்தமாக எண்ணுவார். அந்த நேரத்தில் யார் கதைத்தாலும், வீட்டுக்காரரே ஆனாலும், ஏச்சுத்தான். பிறகு கதவைப் பாதியில் நிறுத்திக் கையை எடுப்பார். விழவும் கூடாது, ஏறவும் கூடாது. நின்றால்தான் பிளேன்டீ.

நானா அளவுக்காரர். வாசலை மூன்று இடத்தில் அளந்து சின்னதை எடுப்பார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை என்றால் முதலில் குனிந்து அடிச்சட்டத்தைத்தான் பார்ப்பார். உப்புக்காற்று அங்கேதான் தொடங்கும். ஓடுதடத்துக்கு யாராவது கிரீஸ் பூசியிருந்தால், "இது என்னத்துக்கு வாப்பா, புழுதியைக் கூப்பிட்டு உட்கார வைக்கவா?" என்பார்.

ஐயாவோடு எனக்குச் சண்டையும் உண்டு. எதற்கும் "ஹெமின், ஹெமின்" என்று ஆறுதலாகவே செய்வார். ஆனால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், குறுக்கே ஆள் வந்தால் கதவை நிறுத்தும் சென்சர் இல்லாமல் மோட்டர் பூட்டவே மாட்டார். அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டு மோட்டர்களுக்கு அப்படியொரு பாதுகாப்பு கட்டாயம். இங்கே விலைப்பட்டியலில் முதலில் வெட்டச் சொல்வதே அதைத்தான். சட்டத்தை ஐயா எங்கே படித்தார்? "ளமய் இன்னவா" என்பார், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று. அதனால் இரண்டு ஓடரை இழந்தோம். அப்போது எனக்குக் கோபம், இப்போது வெட்கம்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் எத்தனை வாகனங்கள் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டன! மோட்டரை விடுவித்துக் கையால் திறக்க வைக்கும் கயிறு எங்கே என்றுகூட வீட்டாருக்குத் தெரியாது. மாமா பூட்டிய வீடுகளிலிருந்து கோல் வரவில்லை. வேலை முடிந்ததும் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே கயிற்றை இழுக்கவைத்துக் காட்டிவிட்டுத்தான் அவர் கிளம்புவார்.

இப்போது ரிமோட்டை அழுத்திக் காட்டுகிறவன்தான் பாஸ். விளம்பரத்திலும் ரிமோட்தான். ஸ்பிரிங் முறுக்குகிறவனின் கூலி "பூட்டும் செலவு" என்ற ஒரு வரிக்குள் போய்விடுகிறது, பேரம் பேசுவதும் அந்த வரியில்தான். இது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மாதத்திலிருந்து என் பில்லில் ஸ்பிரிங் வேலை தனி வரி. கூட என்று சொல்பவர்கள் வேறு ஆள் பார்க்கலாம், கோபிக்க மாட்டேன்.

ஒரு குறை மட்டும் என்னுடையது. அனுபவத்தை வைத்தே வெல்டிங்குக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். வெல்டிங்கும் செய்த நானாவுக்கு விண்ணப்ப ஃபோம் நிரப்பித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே நாள் கடத்தினேன்.

வீட்டில் ரோலர் டோர் உள்ளவர்கள் கதவு மூடியிருக்கும்போது மோட்டரை விடுவித்து, ஆளை ஒதுங்கச் சொல்லிவிட்டு, கையால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். பாரமாக இருந்தால் மெல்ல இறக்கி அப்படியே விட்டுவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு நீங்களாக ஏணியில் ஏற வேண்டாம், எனக்கு ஒரு கோல் எடுங்கள். சோக்கோடு வருகிறேன்.